108-க்கு அடுத்த வரப்பு: விமானம் இறங்கும் அலைவரிசைகளின் கதை

108 என்ற எண்ணுக்கு நம்ம ஊரில் தனி மரியாதை உண்டு. வைணவ திவ்ய தேசங்கள் 108. பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய் 108. அவசரத்துக்குக் கூப்பிடும் ஆம்புலன்ஸும் 108. நாமக்கல் ஆஞ்சநேயருக்கு அனுமன் ஜெயந்தி அன்று சாத்தும் வடை மாலையில் மட்டும் கொஞ்சம் கூடுதல், 1,00,008!

நாமக்கல்லில் கூண்டு கட்டி ரோட்டுக்கு வரும் லாரியின் ரேடியோவிலும் ஒரு 108 உண்டு. எஃப்.எம் முள்ளை வலது பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால் 108-ல் நின்றுவிடும். அதற்கு மேல் முள் போகாது. பாட்டும் இல்லை, விளம்பரமும் இல்லை.

ஆனால் வானத்தில் அலைகள் அங்கே முடிந்துவிடுவதில்லை. 108 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி வெறும் 0.1 தூரத்தில், அதாவது 108.1-ல், வேறு ஒரு உலகம் தொடங்குகிறது. மழையிலும் பனியிலும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதபோது விமானத்தைத் தரைக்குக் கூட்டி வரும் அலைகள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு பக்கம் குத்துப்பாட்டு, மறுபக்கம் சுமார் 180 பேரின் உயிர். நடுவே இருப்பது ஒரு மெல்லிய வரப்பு மட்டும்தான்.

அந்த வரப்பை யார் போட்டார்கள்? எப்படிக் காக்கிறார்கள்? முக்கியமாக, அதற்கான செலவு யார் தலையில்? வணிகவியல் படிப்பவர்களுக்கும் இதில் சுவாரசியமான விஷயம் நிறைய இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு இறங்குவது எப்படி?

இந்தக் கருவிக்குப் பெயர் இன்ஸ்ட்ருமென்ட் லேண்டிங் சிஸ்டம். சுருக்கமாக ஐ.எல்.எஸ். தத்துவம் எளிமையானது.

விமானம் எந்தப் பக்கத்தில் இருந்து இறங்குகிறதோ, அதற்கு எதிர் முனையில், ஓடுபாதை முடிந்த பிறகு வரிசையாக ஆன்டெனாக்கள் நிற்கும். அதன் பெயர் லோக்கலைசர். அது இரண்டு கற்றைகளை அனுப்புகிறது. இறங்கி வரும் விமானிக்கு இடது பக்கம் 90 ஹெர்ட்ஸ் ஒலி தூக்கலாக இருக்கும். வலது பக்கம் 150 ஹெர்ட்ஸ் தூக்கலாக இருக்கும். இரண்டும் சமமாக இருக்கும் கோடுதான் ஓடுபாதையின் நடுக்கோடு. விமானத்தில் உள்ள கருவி இந்த இரண்டையும் ஒப்பிட்டு, "கொஞ்சம் இடது", "கொஞ்சம் வலது" என்று முள்ளால் காட்டும்.

இதே வேலையை மேலும் கீழுமாகச் செய்வது கிளைடு பாத். கோட்டுக்கு மேலே போனால் 90, கீழே போனால் 150. பெரும்பாலான இடங்களில் இந்தச் சரிவு 3 டிகிரி.

லோக்கலைசருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 108.10 முதல் 111.95 மெகாஹெர்ட்ஸ் வரை. அதிலும் எல்லா எண்ணும் கிடையாது. 108.1, 108.3, 108.5 என்று ஒற்றைப்படையில் வரும் எண்களும், அவற்றோடு 0.05 கூட்டினால் வரும் எண்களும் மட்டும். இரட்டைப்படை எண்கள் வி.ஓ.ஆர் என்ற இன்னொரு வழிகாட்டிக் கருவிக்கு. ஆக மொத்தம் ஐ.எல்.எஸ்ஸுக்கு உலகம் முழுவதற்கும் 40 சேனல்கள்தான்.

கிளைடு பாத் 329 முதல் 335 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகிறது. ஒவ்வொரு லோக்கலைசர் எண்ணுக்கும் ஒரு கிளைடு பாத் எண் ஜோடியாக நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. 110.3-க்கு 335.0, 109.5-க்கு 332.6 என்ற மாதிரி. விமானி ஒரு எண்ணைப் போட்டால் போதும், ஜோடி தானாக வந்துவிடும்.

ஒரு துணி மூடிய காக்பிட்டில் தொடங்கிய கதை

1929 செப்டம்பர் 24. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள மிட்சல் ஃபீல்டு. ஜிம்மி டூலிட்டில் என்ற ராணுவ விமானி, தன் இருக்கையை முழுவதும் துணிக்கூண்டால் மூடிக்கொண்டு, வெளியே எதையும் பார்க்காமல் விமானத்தைக் கிளப்பினார். சுமார் 15 நிமிடம் பறந்துவிட்டு அதே இடத்தில் இறக்கினார். ஆபத்து வந்தால் சமாளிக்க முன் இருக்கையில் பென் கெல்சி என்ற இன்னொரு விமானி இருந்தார். அவருக்கு வேலையே வரவில்லை. ரேடியோ அலையையும் கருவிகளையும் மட்டும் நம்பி ஒரு விமானம் கிளம்பி, பறந்து, இறங்கியது அதுதான் முதல் தடவை.

1930-களில் ஜெர்மனியின் லோரன்ஸ் கம்பெனி இதை வியாபாரப் பொருளாகவே ஆக்கியது. 33.33 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய அந்தக் கருவியில் ஒரு பக்கம் போனால் புள்ளி புள்ளியாகச் சத்தம். மறுபக்கம் போனால் கோடு கோடாகச் சத்தம். நடுவில் வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நீளமான ஒலி. பல நாட்டு விமான நிலையங்கள் இதை வாங்கின.

பிறகு நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. 1940-ல் ஜெர்மன் விமானப்படை அதே கற்றைத் தத்துவத்தை, அதே வகை ரிசீவரோடு, இங்கிலாந்தின் மேல் குண்டு போடும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தியது. அதன் சங்கேதப் பெயர் நிக்கபைன். விமானத்தில் இருந்தது பார்க்கச் சாதாரண தரையிறங்கும் ரிசீவர்தான் என்பதால் முதலில் சந்தேகம் வரவில்லை. ஆர்.வி. ஜோன்ஸ் என்ற இளம் பிரிட்டிஷ் விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். அலைவரிசை எண் தெரிந்த உடனே பிரிட்டன் அதே எண்ணில் குறுக்கே சத்தம் போட்டுக் கற்றையைக் கெடுத்தது. எந்த எண்ணில் பேசுகிறோம் என்பதும், அந்த எண்ணில் வேறு யாரும் பேசக்கூடாது என்பதும் எவ்வளவு முக்கியம் என்று உலகம் பட்டுத் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

அமெரிக்காவில் 1938 ஜனவரி 26 அன்று பனிப்புயலுக்கு நடுவே பிட்ஸ்பர்க்கில் ஒரு பயணிகள் விமானம் ஐ.எல்.எஸ் உதவியுடன் இறங்கியது. போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் எஸ்.சி.எஸ்-51 என்ற கருவியை உருவாக்கியது. அதன் லோக்கலைசர் இயங்கியது 108.3 முதல் 110.3 மெகாஹெர்ட்ஸில். இன்றைக்கும் உலகம் பயன்படுத்தும் எண்களின் பூர்வீகம் அந்த ராணுவக் கருவிதான்.

பக்கத்து வயலுக்கு எஃப்.எம் குடிவந்தது

எஃப்.எம் ரேடியோ முதலில் இங்கே இல்லை. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் கண்டுபிடித்த எஃப்.எம் அமெரிக்காவில் 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலித்துக்கொண்டிருந்தது. 1945-ல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி அதை மொத்தமாகத் தூக்கி 88-க்கு மேலே வைத்தது. அந்த ஆண்டே எல்லை 108 ஆனது. மக்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த பழைய எஃப்.எம் செட்டுகள் எல்லாம் வீண். ஆர்ம்ஸ்ட்ராங் கடுமையாக எதிர்த்துப் பார்த்தார், பலிக்கவில்லை.

1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் உலக நாடுகள் கூடி அலைவரிசைப் பட்டியலைப் புதிதாக எழுதின. அதில் 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரை விமான வழிகாட்டுதலுக்கு என்று முடிவானது. 1949-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ தன்னுடைய 10-வது இணைப்பு ஆவணத்தை ஏற்றது. ஐ.எல்.எஸ்ஸின் அளவுகள் எல்லாம் அதில் சட்டமாயின.

இப்படித்தான் பாட்டும் விமானமும் பக்கத்து வயல்காரர்கள் ஆனார்கள். ரொம்பக் காலம் பிரச்சினை பெரிதாக இல்லை. காரணம், ஐரோப்பா போன்ற பல இடங்களில் எஃப்.எம் நிலையங்கள் 100-ஐத் தாண்டி வரவில்லை. வரப்பு ஓரம் காலியாகவே கிடந்தது.

1979-ல் நடந்த உலக வானொலி நிர்வாக மாநாடு அதை மாற்றியது. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் 100 முதல் 108 வரை எஃப்.எம்முக்குத் திறந்துவிடப்பட்டது. 1984-ல் ஜெனீவாவில் நிலையம் நிலையமாகத் திட்டம் போட்டார்கள். அப்போதுதான் விமானத் துறை விழித்துக்கொண்டது.

வரப்பைத் தாண்டும் நான்கு வழிகள்

ஒரு பெரிய எஃப்.எம் நிலையத்தின் சக்தி 10,000 வாட் இருக்கலாம். லோக்கலைசரின் சக்தி சில பத்து வாட். வீட்டில் எரிந்த பழைய குண்டு பல்பு அளவுதான்! பந்தல் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் காதில் ரகசியம் சொல்வது போன்ற நிலைமை.

பொறியாளர்கள் இந்தத் தொல்லையை நான்காகப் பிரிக்கிறார்கள்.

முதல் வழி: ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று எஃப்.எம் நிலையங்கள் இருந்தால், அவை அங்கேயே கலந்து புது அலை ஒன்றை உருவாக்கி, அது விமான அலைவரிசையில் போய் விழலாம்.

இரண்டாவது: எஃப்.எம் நிலையத்துக்குச் சுமார் 0.2 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். 107.9-ல் ஒரு நிலையம் இருந்தால் அதன் ஓரம் 108-ஐத் தொட்டுவிடும். வரப்பு வழியாகத் தண்ணீர் கசிவது மாதிரி.

மூன்றாவது: தரையில் எல்லாமே ஒழுங்காக இருக்கும். ஆனால் இரண்டு பலமான அலைகள் விமானத்தின் ரிசீவருக்குள்ளேயே போய்க் கலந்துவிடும். இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு நிலையம் 100.5, இன்னொன்று 104.8 என்று வைத்துக்கொண்டால், 104.8-ஐ இரண்டால் பெருக்கினால் 209.6. அதில் 100.5-ஐக் கழித்தால் 109.1. அது சுத்தமான ஐ.எல்.எஸ் சேனல்! இரண்டு நிலையமும் 108-ஐ நெருங்கவே இல்லை. ஆனாலும் மூன்றாவது ஒரு எண்ணில் பேய் மாதிரி ஒரு அலை பிறந்துவிட்டது.

நான்காவது: எஃப்.எம் சத்தத்தின் பலத்தாலேயே ரிசீவரின் காது அடைத்துப்போவது.

சிக்னல் சுத்தமாக நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. கருவி கொடி காட்டும், விமானி மேலே ஏறிப் போய்விடுவார். தப்பான சிக்னல், நல்ல சிக்னல் மாதிரி வேஷம் போட்டு வந்தால்தான் ஆபத்து. 1997 ஆகஸ்ட் 6 அன்று குவாம் தீவில் கொரியன் ஏர் 801 விமானம் மலையில் மோதி 228 பேர் இறந்தார்கள். அன்று அங்கே கிளைடு பாத் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அறிவிப்பும் இருந்தது. ஆனாலும் "கிளைடு பாத் வேலை செய்கிறதா, இல்லையா" என்ற பேச்சு காக்பிட்டில் கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது ஒலிப்பதிவில் தெரிந்தது. முக்கியக் காரணம் விமானிகள் நடைமுறையைச் சரியாகப் பின்பற்றாததுதான் என்று விசாரணை சொன்னது. ஆனால் இந்த ஒரு முள்ளின் மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கப்படுகிறது என்பதற்கு அந்த விபத்து சாட்சி.

மலை இருக்கும் ஊரில் கணக்கு மாறும்

சேலம், நாமக்கல் சமவெளியை வைத்துப் பார்த்தால் திட்டமிடுவது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி வளைந்திருப்பதால் ஒரு தூரத்துக்கு மேல் மறைந்துவிடும். அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சூத்திரம் உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை.

சேலம் டவுனில் 50 மீட்டர் கோபுரம் என்றால் 29 கிலோமீட்டர். இதுவே ஏற்காடு உயரத்தில், சமவெளியில் இருந்து சுமார் 1,200 மீட்டர் மேலே ஒரு கோபுரம் என்றால் சுமார் 143 கிலோமீட்டர். கேட்பவர் தரையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. கேட்பது 2,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் என்றால் இன்னும் 184 கிலோமீட்டரைக் கூட்ட வேண்டும். மொத்தம் 327!

சேலத்தில் இருந்து வான்வழியாகத் திருச்சி ஏறக்குறைய 115 கிலோமீட்டர். கோவை 140. பெங்களூரு விமான நிலையம் 180. சென்னை 265. ஆக, சேர்வராயன் மலையிலோ கொல்லிமலையிலோ வைக்கும் ஒரு கோபுரம், கோட்பாட்டளவில், இந்த நான்கு ஊர்களை நெருங்கும் விமானங்களின் பார்வையிலும் விழும். கொடைக்கானல் மலையில் இருந்து 100.5-ல் ஒலிக்கும் கோடை பண்பலை சமவெளி மாவட்டங்கள் பலவற்றிலும் கேட்பதற்கு இதே மலை உயரம்தான் காரணம். நேயருக்கு வரம், திட்டமிடுபவருக்குத் தலைவலி.

அதனால் ஒரு புது ஐ.எல்.எஸ்ஸுக்கு எண் கொடுக்கும் முன் நிறையப் பார்க்க வேண்டும். லோக்கலைசரின் சிக்னல் நடுக்கோட்டின் இரு பக்கமும் 10 டிகிரிக்குள் 25 கடல் மைல், அதாவது 46 கிலோமீட்டர் வரை சுத்தமாகக் கிடைக்க வேண்டும் என்பது ஐ.சி.ஏ.ஓவின் பொதுவான அளவு. அந்த ஆப்பு வடிவ வானத்துக்குள் இதே எண்ணில் இயங்கும் வேறு ஊர் லோக்கலைசரின் சிக்னல் வந்தால், அதைவிட நம்முடையது 20 டெசிபல், அதாவது 100 மடங்கு, பலமாக இருக்க வேண்டும். அடுத்த எண்ணில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சுற்று வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு எஃப்.எம் நிலையத்தையும் இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாகச் சேர்த்து மேலே சொன்ன பேய்க் கணக்கைப் போட வேண்டும். கடைசியில் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் ஆய்வு விமானம் அந்தப் பாதையில் நிஜமாகவே பறந்து அளந்து பார்க்கும்.

புதிதாக ஒரு எஃப்.எம் நிலையம் வந்தால், இதே கணக்கை எதிர்ப்பக்கம் இருந்து போட வேண்டும்.

இந்தியாவின் பட்டா அலுவலகம்

இந்தியாவில் அலைவரிசைக்கு ஒரு 'தாலுகா ஆபீஸ்' உண்டு. தொலைத்தொடர்புத் துறையின் கீழ் 1952-ல் தொடங்கிய டபிள்யூ.பி.சி என்ற பிரிவு. எந்த அலைவரிசை யாருக்கு என்று எழுதி வைத்திருக்கும் தேசிய அலைவரிசை ஒதுக்கீட்டுத் திட்டம் 1981 முதல் பல முறை திருத்தி வெளியிடப்பட்டிருக்கிறது. கோபுரம் எங்கே, எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்று ஒப்புதல் கொடுப்பதற்கு சாக்ஃபா என்ற குழு. விமானத் துறையின் கருத்தும் அங்கே கேட்கப்படும்.

இந்தியாவின் முதல் எஃப்.எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் நம்ம சென்னையில்தான் தொடங்கியது. அப்போது ஆகாசவாணி மட்டும்தான், போட்டி கிடையாது. 1995 பிப்ரவரியில் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. 2001 ஜூலையில் பெங்களூருவில் முதல் தனியார் எஃப்.எம் நிலையம் வந்தது. அதன் பிறகு ஏலம், ஏலம், ஏலம்.

ஒரே ஊரில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி என்பது இங்கே நடைமுறை. சென்னையில் 91.1, 91.9, 92.7, 93.5 என்று எண்கள் போவதைக் கவனித்தால் தெரியும். இதை 0.4 ஆகக் குறைத்தால் நிலையங்கள் கூடும் என்று டிராய் 2012-ல் பரிந்துரைத்தது. மூன்றாம் கட்ட எஃப்.எம் விரிவாக்கத்தில் 2015-ல் நடந்த முதல் சுற்று ஏலம் மட்டும் அரசுக்கு 1,100 கோடி ரூபாய்க்கு மேல் தந்தது.

ஐ.எல்.எஸ் அலைவரிசை எதுவும் ஏலத்துக்கு வருவதில்லை. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் முதல் அட்டவணையும் விமான நிலையம், ரயில், துறைமுகம் போன்றவற்றின் பாதுகாப்புப் பயன்பாட்டுக்கு ஏலம் இல்லாமல் ஒதுக்க இடம் கொடுக்கிறது. அதாவது, வரப்புக்கு இந்தப் பக்கம் சென்ட் கோடிக்கணக்கில் போகிறது. அந்தப் பக்கம் விலையே கிடையாது. விலை இல்லாத நிலத்தைக் காப்பாற்றுவது எப்போதுமே கஷ்டம்.

வேலி போடும் செலவு யாருக்கு?

1951-ல் சிகாகோவில் லியோ ஹெர்சல் என்ற சட்ட மாணவர், அலைவரிசையை ஏலம் விட்டால் என்ன என்று ஒரு கட்டுரை எழுதினார். அப்போது பலருக்கும் அது கிறுக்குத்தனமாகப் பட்டது. பொருளாதார அறிஞர் ரொனால்டு கோஸ் அந்த யோசனையை எடுத்து 1959-ல் விரிவாக எழுதினார். பிற்பாடு 1991-ல் நோபல் பரிசு வாங்கினாரே, அதே கோஸ்தான். அவருடைய முக்கியமான கருத்து: அலைகள் மோதும்போது, ஒருவர் குற்றவாளி, மற்றவர் அப்பாவி என்று பார்ப்பது போதாது. இரண்டு பேரும் பக்கத்தில் இருப்பதால்தான் மோதல். யார் விலகினால் மொத்தச் செலவு குறைவு என்று பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் என்ன நடந்தது? எஃப்.எம்முக்கு 108 வரை இடம் கிடைத்தது. விலகியது விமானம். 1998 ஜனவரி 1 முதல் சர்வதேசப் பறப்பில் உள்ள ஐ.எல்.எஸ் ரிசீவர்கள் எஃப்.எம் தொல்லையைத் தாங்கும் திறன் கொண்டிருக்க வேண்டும் என்று ஐ.சி.ஏ.ஓ விதி வந்தது. ரிசீவரை மாற்றும் செலவு விமானக் கம்பெனிகளுக்கு. கடைசியில் டிக்கெட் வாங்கிய பயணிக்கு. பாட்டு கேட்டவருக்கு ஒன்றுமில்லை.

இதே நாடகம் 5ஜி வந்தபோது மறுபடி நடந்தது. அமெரிக்கா 3.7 முதல் 3.98 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை ஏலம் விட்டு 2021-ல் சுமார் 8,100 கோடி டாலர் பார்த்தது. விமானம் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 4.2 முதல் 4.4 வரை. வரப்பு இந்தத் தடவை அகலம்தான். ஆனால் பழைய ஆல்டிமீட்டர்களின் காது அதைவிடப் பெரியது! 2022 ஜனவரியில் பயணங்கள் ரத்தாயின, ஏர் இந்தியாவும் சில அமெரிக்க விமானங்களை நிறுத்தியது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் ஓடுபாதையின் இரு முனைகளில் இருந்து 2,100 மீட்டர், நடுக்கோட்டில் இருந்து 910 மீட்டர் எல்லைக்குள் 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் 5ஜி கோபுரம் வைக்கக்கூடாது என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. இங்கே முதலில் விலகியது செல்போன் கம்பெனி. சொல்லப்போனால், விமான நிலையத்தை ஒட்டி வசிக்கும் செல்போன்காரர்.

திருச்சியில் உடைந்தது என்ன?

2018 அக்டோபர் 12 அதிகாலை. 130 பயணிகளும் 6 ஊழியர்களும் இருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 திருச்சியில் இருந்து துபாய் கிளம்பியது. தாழ்வாக எழும்பியதில் ஓடுபாதை முடிவில் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு போனது. அடிவயிறு கிழிந்த விமானம் மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் உயிர்ச் சேதமில்லை.

எல்லாப் பத்திரிகையும் சுவரைப் படம் போட்டன. ஆனால் அன்று உடைந்த ஆன்டெனா சாதாரண கம்பி இல்லை. அதுதான் லோக்கலைசர். சுவரைக் கொத்தனார் கட்டிவிடலாம். லோக்கலைசரை நிறுத்தி, அளந்து, பறந்து சோதித்த பிறகுதான் நம்ப முடியும். தமிழ்நாட்டில் பலருக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரிந்தது அன்றைக்குத்தான். அது தாங்கி நிற்கும் அலைவரிசை மட்டும் அப்போதும் யார் கண்ணிலும் படவில்லை.

காமலாபுரத்தில் இரண்டு வகை நிலம்

சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 1993-ல் திறக்கப்பட்டது. விமானம் வரும், கொஞ்ச நாளில் நின்றுவிடும். உடான் திட்டத்தில் 2018 மார்ச் 25-ல் ட்ரூஜெட் வந்தது, 2021-ல் நின்றது. மறுபடி 2023 அக்டோபரில் சேவை தொடங்கியது.

விரிவாக்கத்துக்காகச் சுமார் 570 ஏக்கர் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி 2018-ல் வந்ததும் காமலாபுரம், பொட்டிபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் கையில் பட்டா இருந்தது, கிணறு இருந்தது, தென்னை இருந்தது. அளக்க வருபவரை நிறுத்தி, "எதுக்கு?" என்று கேட்க முடிந்தது.

அலைவரிசைக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. ஒரு மலை உச்சியில் கோபுரம் வந்தால், 300 கிலோமீட்டர் தள்ளி ஒரு சேனல் பயன்படாமல் போகலாம். யாருடைய தென்னையும் வெட்டப்படாது, யாரும் மறியல் செய்ய மாட்டார்கள். கோப்பில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஒன்று, பொதுமக்கள் கண்ணிலேயே படாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது.

இனி எல்லாம் சாட்டிலைட்தானே, ஐ.எல்.எஸ் எதற்கு என்று கேட்கலாம். இஸ்ரோவும் விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் இருக்கிறது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர் விமானம் ககன் உதவியுடன் இறங்கிக் காட்டியது. ஓடுபாதை ஓரத்தில் விலை உயர்ந்த ஆன்டெனாக்கள் தேவையில்லை என்பதால் சிறு ஊர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் ககனும் அலையில்தான் வருகிறது. 1575.42 மெகாஹெர்ட்ஸ். 36,000 கிலோமீட்டர் தள்ளியிருந்து வரும் அந்த சிக்னல் லோக்கலைசரைவிடப் பல மடங்கு மெலிந்தது. மலிவான ஒரு ஜாமர் போதும், அதைக் கெடுக்க. வயல் மாறலாம், வரப்புப் பிரச்சினை மாறாது.

கிராமத்தில் வரப்புத் தகராறு எப்படி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒரே நாளில் பக்கத்து வயலைப் பிடுங்குவதில்லை. வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி வெட்டுவார்கள். பத்து வருஷம் கழித்து அளந்து பார்த்தால்தான் ஒரு சால் குறைவது தெரியும். 88-ல் இருந்து 108 வரை நடந்ததும், 5ஜியில் நடந்ததும் அதுதான். நிலத்துக்கு அளந்து பார்க்க ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். வானத்துக்கு அந்த வேலையை டபிள்யூ.பி.சியிலும் விமான நிலையங்கள் ஆணையத்திலும் யாரோ சிலர் காகிதத்தில் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். அவர்கள் கணக்குச் சரியாக இருக்கும் வரை லாரி ரேடியோவில் முள் 108-ல் நிற்கும், அதற்கு மேலே விமானம் சத்தமில்லாமல் இறங்கும்.